தலையில் மூட்டையுடன் நடப்பவர் செய்த வேலை சுழியா?

1. மண்டித்தெரு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு இயற்பியல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "தலையில் சுமையுடன் சமதளத்தில் நடப்பவர் செய்யும் வேலை சுழி", அதாவது பூஜ்யம், என்று ஒரு வரி வந்தது. திண்ணையில் படுத்திருந்த என் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் நாற்பது ஆண்டுகள் அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். 75 கிலோ மூட்டை. இன்றும் கழுத்தை இடப்பக்கம் முழுவதாகத் திருப்ப முடியாது. "இன்னொரு முறை படி, தாயி" என்றார். அவள் படித்தாள். "நான் வேலையே செய்யவில்லை என்றால் எனக்கு எதற்குக் கூலி கொடுத்தார்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

நான் வணிகவியல் படித்தவன். மகளுக்குத் தேர்வில் எழுதத் தெரியும், தாத்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அப்பாவிடம் போய்ச் சொல்லக்கூடிய விளக்கம் வேண்டும்.

2. சாய்தளம்

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் திகைப்பார்கள், நான் விளக்குவேன், மணி அடித்துவிடும். அந்த வகுப்பில் எத்தனை பேருடைய அப்பா மூட்டை சுமப்பவர் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இயற்பியலில் வேலை என்றால், விசையையும் அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வரும் அளவு. மூட்டை 75 கிலோ. அதன் எடை 75 பெருக்கல் 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது 735 நியூட்டன். தலை மூட்டையை மேல்நோக்கி 735 நியூட்டன் விசையுடன் தாங்குகிறது. ஆனால் மூட்டை நகர்வது முன்னோக்கி. மேல்நோக்கிய விசைக்கு முன்னோக்கிய நகர்வில் பங்கு இல்லை. ஆகவே அந்த விசை மூட்டையின் மீது செய்த வேலை சுழி.

பிழை எங்கே நுழைகிறது என்றால், "அவர் செய்த வேலை" என்று எழுதும் இடத்தில். தமிழில் வேலை என்றதும் யார் செய்தது என்று கேட்போம். அது ஆளுக்கு உரியது. இயற்பியலில் வேலை விசைக்கு உரியது. எந்த விசை, எந்தப் பொருளின் மீது என்று இரண்டையும் சொல்லாமல் வேலை என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. பாடநூல் வரியில் அந்த இரண்டும் இல்லை. விசையின் கணக்கில் வந்த சுழியை ஒரு மனிதரின் பெயரில் எழுதிவிட்டார்கள்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு மேசை மீது அதே மூட்டையை வைத்தால் மேசையும் 735 நியூட்டன் விசையுடன் தாங்குகிறது. ஓர் ஆண்டு வைத்திருந்தாலும் மூட்டையின் ஆற்றல் கூடுவதில்லை, மேசைக்குப் பசிப்பதும் இல்லை. மூட்டையைக் கேட்டால், தலையில் இருந்தேனா மேசையில் இருந்தேனா என்று அதற்குத் தெரியாது. பாடம் எழுதுவது மூட்டையின் கணக்கை மட்டும்தான்.

மூட்டையைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரமுள்ள லாரித் தளத்துக்கு ஏற்றும்போது 735 பெருக்கல் 1.2, அதாவது 882 ஜூல் வேலை மூட்டையின் மீது நடக்கிறது. அது சுழி இல்லை.

3. நீலவானம்

நியூட்டனின் மூன்றாம் விதியை வைத்து இன்னும் எளிதாகச் சொல்லலாமே. மூட்டையின் எடை கீழே அழுத்துகிறது, அதற்கு எதிர்விசையாகத் தலை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், ஆகவே மொத்த விசை சுழி, வேலையும் சுழி.

4. துலாக்கால்

நீலவானம், விடை சரியாக வந்தாலும் வழி சரியில்லை. தாக்கமும் மறுதாக்கமும் ஒருபோதும் ஒரே பொருளின் மீது இருக்காது. மூட்டையின் நிறை என்பது பூமி மூட்டையை இழுக்கும் விசை. அதன் மறுதாக்கம் மூட்டை பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை. தலை மூட்டையைத் தள்ளுவதன் மறுதாக்கம் மூட்டை தலையை அழுத்துவது. நீங்கள் சொன்ன இரண்டு விசைகளும் மூட்டையின் மீதே இருக்கின்றன. அவை சமமாக இருப்பது மூட்டை மேலும் கீழும் ஆர்முடுகாமல், அதாவது வேகம் மாறாமல், இருப்பதனால்தான். சட்டென்று மூட்டையைத் தூக்கும் கணத்தில் தலை கொடுக்கும் விசை 735 நியூட்டனைவிடக் கூடுதலாக இருக்கும். மூன்றாம் விதி அப்போதும் பிசகாது, நீங்கள் சொன்ன சமம் பிசகிவிடும்.

5. நீலவானம்

நன்றி, இப்போது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். "மூட்டையின் நிறை என்பது பூமி இழுக்கும் விசை" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைக்கு அலகு கிலோகிராம், அது விசை இல்லையே?

6. துலாக்கால்

மன்னிக்க வேண்டும், நான் யாழ்ப்பாணத்தில் படித்து அங்கேயே படிப்பித்தவள். எங்கள் பாடநூல்களில் நிறை என்றால் நியூட்டனில் அளக்கும் விசை. கிலோகிராமில் அளப்பதைத் திணிவு என்போம். நீங்கள் நிறை என்பது எங்கள் திணிவு. நீங்கள் எடை என்பது எங்கள் நிறை. உங்கள் ஆற்றல் எங்களுக்குச் சக்தி, உங்கள் திறன் எங்களுக்கு வலு, நிலை ஆற்றல் எங்களுக்கு அழுத்த சக்தி. கடலின் இரு கரையிலும் ஒரே மொழியில் ஒரே பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் சந்திக்கும்போது இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் நல்ல தமிழ்தான். எந்த மரபில் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். நான் சொல்லாதது என் தவறு.

வேலை மட்டும் இரு கரையிலும் வேலைதான். அதனால் சங்கடமும் இரு கரைக்கும் பொது.

7. மூட்டுவலி

நான் இயன்முறை மருத்துவர். சாய்தளம் ஐயா மூட்டையின் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் கழுத்தின் கணக்கைச் சொல்கிறேன். பெரியவர் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மேசைக்கும் தசைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மேசையின் கால் ஒருமுறை அமுங்கி நின்றுவிட்டால் அப்படியே நிற்கும். தசை அப்படி நிற்க முடியாது. தசை இழைக்குள் மயோசின் என்ற புரதத்தின் சிறு தலைகள் ஆக்டின் என்ற இழையைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. கயிறு இழுக்கும் கூட்டத்தில் ஆளுக்கொரு கணம் கை மாற்றிப் பிடிப்பதைப் போல. ஒவ்வொரு முறை விட்டுப் பற்றுவதற்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஒன்று செலவாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கை அசையாமல் இருக்கும். உள்ளே கோடிக்கணக்கான சிறு இழுப்புகள் நடந்துகொண்டே இருக்கும். மூட்டையின் மீது வேலை நடக்கவில்லை, ஆனால் ஆற்றல் செலவாகிவிட்டது. அது முழுவதும் வெப்பமாகிறது. வேர்வை அதற்குச் சாட்சி.

எல்லா உயிருக்கும் இப்படி இல்லை என்பது வியப்பு. சிப்பி தன் ஓட்டை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கிறது. அதன் தசையில் பற்றிய பிடி பூட்டிக்கொள்ளும். மிகக் குறைந்த ஆற்றலில் அந்த விசையை வைத்திருக்கும். நமக்கு அந்தப் பூட்டு இல்லை. விரைந்து ஓடவும் எறியவும் ஏற்ற தசையை வைத்துக்கொண்டு மூட்டையைத் தாங்குகிறோம்.

இன்னொன்று. தசை சுருங்கித் தூக்கும்போதுகூட, செலவழித்த ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் வெளியே வேலையாக மாறும். மூட்டையை இறக்கி வைக்கும்போது அது இழக்கும் நிலை ஆற்றல் உடலுக்குத் திரும்பி வருவதும் இல்லை. பெட்ரோல் வண்டி மலையிறங்கினால் தொட்டியில் பெட்ரோல் ஏறாதது போலத்தான்.

8. மண்டித்தெரு

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை அப்பாவுக்கு அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மயோசின் கை மாற்றிப் பிடிக்கும் செய்தி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "அதைத்தான் எரியும் என்று சொல்வோம்" என்றார்.

ஆனால் ஒரு கணக்கு அவரை மறுபடியும் நிமிர வைத்தது. ஒரு நாளைக்கு 200 மூட்டை ஏற்றுவார்களாம். மகள் பெருக்கினாள்: 882 ஜூல் பெருக்கல் 200, 1,76,400 ஜூல். அதைக் கிலோ கலோரியாக மாற்றினால் 42. கிட்டத்தட்ட ஓர் இட்லி. "நாள் முழுவதும் ஏற்றியது ஓர் இட்லிக்கா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பலகை மேல் நானும்தானே ஏறினேன். மூட்டையை மட்டும் எண்ணினால் என்னை யார் எண்ணுவது?" என்றார்.

எனக்கு இதற்கும் பதில் தெரியவில்லை.

9. சாய்தளம்

அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் விட்டுவிட்டேன்! தரையிலிருந்து லாரிக்குப் பலகை போட்டு ஏறினால் அவருடைய உடலும் 1.2 மீட்டர் உயர்கிறது. உடல் 60 கிலோ என்றால் 60 பெருக்கல் 9.8 பெருக்கல் 1.2, ஏறக்குறைய 706 ஜூல். மூட்டைக்கு 882, ஆளுக்கு 706. அந்த 706 ஜூலுக்கு யாரும் கூலி கணக்கிட்டதில்லை. மூட்டை எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அது வீணாகிறது, மீண்டும் ஏற வேண்டும்.

இப்போது அந்த இட்லியைப் பாருங்கள். மூட்டைக்கு 42 கிலோ கலோரி, உடலுக்கு ஏறக்குறைய 34, மொத்தம் 76. தசையின் பயனுறுதிறன் நான்கில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் உடல் செலவழித்தது 300க்கு மேல். இதில் நடந்தது சேரவில்லை, குனிந்து நிமிர்ந்தது சேரவில்லை, சுமையுடன் நின்ற நேரம் சேரவில்லை, வெறுமனே உயிரோடு இருக்க உடல் எரிப்பது சேரவில்லை. கடின உடலுழைப்பாளி ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 3500 கிலோ கலோரி உணவு வேண்டும் என்பார்கள். 42 என்பது பொய்யில்லை. அது லாரிக்குள் போய்ச் சேர்ந்த பங்கு. மற்றதெல்லாம் மண்டியின் காற்றில் வெப்பமாகப் போனது.

10. கமலைக்கிணறு

இந்தப் பலகைப் பேச்சைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தோட்டத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மாடுகள் சமதரையில் இழுப்பதில்லை. கிணற்றடியிலிருந்து சரிவாக வெட்டிய பாதையில் இறங்கிக்கொண்டே இழுக்கும். வடக்கயிற்றின் மறுமுனையில் சால் என்ற பெரிய நீர்வாளி மேலே வரும். சால் கவிழ்ந்ததும் மாடுகள் பின்பக்கமாகச் சரிவில் ஏறி வரும். எதற்கு இந்தச் சரிவு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் ஐயா அந்த 706 ஜூலைச் சொன்னபோதுதான் புரிந்தது. மாடு இறங்கும்போது அதன் உடல் எடையும் சேர்ந்து சாலைத் தூக்குகிறது. உங்கள் அப்பாவுக்குச் சுமையான உடல் எடை, எங்கள் மாட்டுக்குத் துணை. வெறும் சால் இறங்கும்போது மாடு தன் உடலை மட்டும் மேலே கொண்டுவந்தால் போதும்.

வீட்டுக் கிணற்றில் உருளை போட்டிருப்பதும் அதே காரணம்தானா?

11. துலாக்கால்

அதேதான் ஐயா. ஒற்றை உருளை விசையைக் குறைப்பதில்லை. அச்சின் உராய்வினால் கொஞ்சம் கூட்டவே செய்யும். அது செய்வது திசையை மாற்றுவது. கிணற்றுக்குள் குனிந்து மேலே இழுத்தால் முதுகு வேலை செய்ய வேண்டும். உருளை இருந்தால் கீழே இழுக்கலாம், உடல் நிறையைக் கயிற்றில் தொங்கவிடலாம். (எங்கள் நிறை, நியூட்டனில்!)

எங்கள் ஊரில் துலா, அதாவது கிணற்று ஏற்றமரம், மிதிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். துலாவின் மீதே ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கையால் இழுக்கும் வேலையைக் காலுக்கும் உடல் நிறைக்கும் மாற்றிவிட்டார்கள். விழுந்தால் உயிருக்கு ஆபத்து, ஆனாலும் பெரிய தோட்டங்களுக்கு அப்படித்தான் இறைத்தார்கள்.

12. பொறியியல்மாணவி

தாத்தாவின் கேள்விக்கு இந்தச் சொல்லின் வரலாற்றிலும் ஒரு பதில் இருக்கிறது. விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் அளவுக்கு வேலை என்ற பெயரை 1829-இல் உறுதியாக நிலைநாட்டியவர் பிரான்சைச் சேர்ந்த கோரியோலிஸ். அவர் எடுத்துக்கொண்டது உழைப்பைக் குறிக்கும் அன்றாடச் சொல்லைத்தான். அதற்கு முன்பே இங்கிலாந்தில் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கும் நீராவி எந்திரங்களை ஒப்பிட, இவ்வளவு நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு நீரை எத்தனை அடி உயர்த்தியது என்று கணக்கிட்டார்கள். ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வகுத்தார், இன்றைய 746 வாட். எல்லாமே எடையை உயர்த்தும் கணக்கு.

எந்திரத்தை வாங்குபவருக்கு எவ்வளவு நீர் மேலே வந்தது என்பது தெரிந்தால் போதும். அந்தக் கணக்கை மனிதரின் மீது போட்டால் மனிதரின் பெரும்பகுதி அதற்குள் அகப்படாது. பாடத்தில் இந்தப் பின்னணியை நான்கு வரியில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

சாய்தளம் ஐயா சொன்ன அந்த வெப்பத்தையும் கணக்கில் கொண்டுவந்தவர், அலகுக்குப் பெயர் தந்த ஜூல். 1840-களில் மான்செஸ்டரில், விழும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை என்று கண்டார். இன்றைய மதிப்புக்கு மிக நெருக்கம். வெப்பமும் தூக்கிய எடையும் ஒரே அளவையில் வந்த இடம் அது.

13. கமலைக்கிணறு

அந்த அளவையில் கிணற்றையும் அடுப்பையும் ஒப்பிட முடியுமா?

14. பொறியியல்மாணவி

முடியும் ஐயா. 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 10 லிட்டர் வாளி: 980 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2,93,000 ஜூல். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 300 வாளி! வாளிக்கு 20 விநாடி என்றால் இடைவிடாமல் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் இறைக்க வேண்டும். 1500 வாட் மின்கெண்டி அதை மூன்றே கால் நிமிடத்தில் செய்கிறது. மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், 3600 வாளிக்கும் மேல். இதை முதலில் கணக்கிட்ட நாளில் விடுதியில் யாரிடமும் பேசாமல் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

15. மூட்டுவலி

பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். 1986-இல் கென்யாவில் லுவோ, கிகுயு இனப் பெண்களை ஆராய்ந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும் அவர்களுக்கு ஆக்சிஜன் செலவு கூடவில்லை என்று ஓர் ஆய்வு வந்தது. பிற்காலத்தில் வேறிடத்தில் நடந்த ஆய்வில் அந்த அளவுக்குச் சலுகை தென்படவில்லை, விவாதம் முடியவில்லை. ஆனால் நடக்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டியில் புதிதாக வருபவர்களுக்கு நடையைச் சொல்லிக் கொடுப்பார்களா?

16. மண்டித்தெரு

கேட்டேன். அப்பா சிரித்தார். "முதல் மாதம் முழுவதும் நடைதான்" என்றார். முழங்கால் முழுவதும் நிமிரக் கூடாது, அடி குட்டையாக இருக்க வேண்டும், பாதம் தரையை விட்டு அதிகம் எழக் கூடாது. "மூட்டை தலையில் குதித்தால் ஒவ்வொரு குதிக்கும் ஒரு மூட்டை தூக்குகிறாய் என்று அர்த்தம்" என்று அவருக்கு மேஸ்திரி சொல்லிக் கொடுத்தாராம்.

மகள் உடனே எழுந்துவிட்டாள். சுவரில் அளவுகோலை ஒட்டினாள். பருத்தித் தலையணையைச் சும்மாடாக வைத்து ஐந்து கிலோ அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள், நான் கைபேசியில் படம் எடுத்தேன். பை ஒவ்வோர் அடிக்கும் 4 சென்டிமீட்டர் ஏறி இறங்கியது. பிறகு அப்பா. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் கூடம் முழுவதும் நடந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 2 சென்டிமீட்டர்.

17. சாய்தளம்

தம்பி, கை நடுங்க எழுதுகிறேன். 75 கிலோ மூட்டை ஓர் அடிக்கு 4 சென்டிமீட்டர் எழுந்தால் 735 பெருக்கல் 0.04, அதாவது 29.4 ஜூல். ஐம்பது காலடி நடந்தால் 1470 ஜூல். லாரியில் ஏற்றும் 882 ஜூலைவிட அதிகம்! நடையில் ஊசல் போல ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், முழுவதும் கிடைக்காது. உங்கள் அப்பாவின் நடையில் அது பாதி, 735 ஜூல். ஒரு நாளில் 200 மூட்டை. சீரான வேகம், சமதளம் என்று பாடநூல் எழுதும்போது, மூட்டை ஒரு நேர்க்கோட்டில் மிதந்து போவதாக வைத்துக்கொண்டுதான் சுழி என்கிறது. அந்த நேர்க்கோட்டுக்கு அருகே நடக்க அவர் ஒரு மாதம் பயின்றிருக்கிறார். அவருடைய திறமை அந்தச் சுழியை நோக்கியே போயிருக்கிறது, முப்பத்தொரு ஆண்டில் எனக்கு இது தோன்றவில்லை.

மகள் தேர்வில் இப்படி எழுதலாம்: "மூட்டை மேலும் கீழும் அசையாமல், சமதளத்தில், சீரான வேகத்தில் நகர்ந்தால், தலை கொடுக்கும் செங்குத்து விசை மூட்டையின் மீது செய்யும் வேலை சுழி." மதிப்பெண் குறையாது.

18. மண்டித்தெரு

அப்படியே எழுதிப் பழகிவிட்டாள் ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அவர் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். "அசையாமல்" என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த இரண்டு சென்டிமீட்டரை எழுதினாயா?" என்று கேட்டார். அவள் இப்போது விடைக்குக் கீழே அதைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறாள்.